படைச் சேவையிலிருந்து விலகும்போது ஓய்வூதியப் பணத்தை என்ன செய்வது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் தங்கை மகன் தன் சம்பளச் சீட்டை விரித்து வைத்தான். டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில், கடற்படையில் பதினான்கு ஆண்டு வேலை. இப்போது வெளியில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. "மாமா, பணத்தை ரொக்கமாகவே வாங்கிக்கொள்ளட்டுமா?" என்றான். வேண்டவே வேண்டாம் என்றேன். அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: சம்பளச் சீட்டைப் படியுங்கள்

தென்னாப்பிரிக்கப் படையினரும் ஜி.இ.பி.எஃப். எனப்படும் அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியின் உறுப்பினர்களே. ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தில் 7.5 சதவீதம் உங்களிடம் பிடிக்கப்படுகிறது. சீருடைப் பணியாளர்களுக்கு அரசு 16 சதவீதம் போடுகிறது. மற்ற அரசு ஊழியர்களுக்கு 13 தான். ஆனால் கட்டியதைக் கூட்டிப் பார்த்தால் கைக்கு வரும் தொகை தெரிந்துவிடாது. கடைசிச் சம்பளமும் சேவை ஆண்டுகளும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே மதிப்பீட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி 2: விலகுவது வேறு, ஓய்வு பெறுவது வேறு

பத்து ஆண்டுக்கு மேல் சேவை செய்து ஓய்வு பெற்றால் பணிக்கொடையோடு மாத ஓய்வூதியமும் உண்டு. ராஜினாமா செய்தால் மாத ஓய்வூதியம் கிடையாது, ஒரே தொகைதான். ஓய்வு வயதை நெருங்கியவர்கள் அவசரப்படாமல் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 3: எந்தப் பானையில் எவ்வளவு?

2024 செப்டம்பர் 1 முதல் 'இரு பானை' முறை நடக்கிறது. அதற்கு முன் சேர்ந்ததில் பெரும்பகுதி பழைய பானையில் இருக்கிறது. அதன் பின் சேர்வதில் மூன்றில் ஒரு பங்கு சேமிப்புப் பானைக்கும், இரண்டு பங்கு ஓய்வுப் பானைக்கும் போகிறது. வேலையை விட்டாலும் ஓய்வுப் பானையைத் தொட முடியாது. ஆசை காட்டுவது பழைய பானைதான். அதை ரொக்கமாக வாங்க அனுமதி இருக்கிறது.

படி 4: வரிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பழைய பானையில் 6,00,000 ரேண்ட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2023 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்த அட்டவணைப்படி, இடையில் எடுத்தால் முதல் 27,500 ரேண்டுக்கு மட்டுமே வரி இல்லை. அடுத்து 7,26,000 வரை 18 சதவீதம். அதாவது 5,72,500 ரேண்டுக்கு 1,03,050 ரேண்ட் வரி. கைக்கு வருவது 4,96,950. என் மருமகன் பென்சிலால் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

இழப்பு அதோடு முடிவதில்லை. ஓய்வு பெறும்போது எடுக்கும் மொத்தத் தொகையில் 5,50,000 ரேண்ட் வரை வரி இல்லை. இன்று எடுக்கும் பணம் அன்றைய கணக்கில் சேர்க்கப்பட்டு அந்தச் சலுகையைத் தின்றுவிடும்.

மாறாக, வேலையை விட்டவர்களின் பணத்தை ஓய்வு வரை வைத்திருக்கும் ஓய்வுக்காலப் பாதுகாப்பு நிதி (preservation fund) ஒன்றுக்கு நேரடியாக மாற்றினால் இப்போது வரியே இல்லை. பின்னால் உண்மையான நெருக்கடி வந்தால், ஓய்வுக்கு முன் ஒரு முறை அந்தப் பழைய பங்கிலிருந்து எடுக்கவும் வழி உண்டு. நான் தொழிற்சாலை வேலையை விட்டபோது முழுவதையும் ரொக்கமாக வாங்கிச் செலவழித்தேன். மாதக் கடைசியில் அதை நினைக்காமல் இருந்ததில்லை.

படி 5: படிவங்கள்

விலகல் படிவம் இசட் 102. பிரிவின் பணியாளர் அலுவலகத்தில் கேளுங்கள். நிதியிலிருந்து நிதிக்கே பணம் போகட்டும். உங்கள் வங்கிக் கணக்கில் இறங்கி ஏறக் கூடாது. வரிப் பாக்கியோ துறைக்குத் தர வேண்டிய கடனோ இருந்தால் முன்கூட்டியே தீர்த்துவிடுங்கள். இல்லையென்றால் இந்தப் பணத்திலிருந்து பிடித்துக்கொள்வார்கள். புதிய நிதியைத் தேர்ந்தெடுக்கும்போது ஆண்டுக் கட்டணம் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள்.

பழைய நிதியில் கொடுத்த வாரிசு நியமனம் புதிய நிதிக்குத் தானாக வந்து சேராது. புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். என் மருமகன் மனைவியின் அடையாள எண்ணை அவளிடமே இரண்டு முறை கேட்டு, ஒவ்வோர் இலக்கமாக எழுதினான்.