ஸ்டீல் காயில் இறக்கும்போது சூப்பர்வைசர் பார்க்க வேண்டியவை

சென்னைத் துறைமுகத்தில் காயில், அதாவது சுருட்டிய இரும்புத் தகடு ஏற்றிய கப்பல் கட்டியிருக்கிறது, முதல் முறையாக ஒரு கேங்கை, அதாவது தொழிலாளர் குழுவை, உங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். உடனே ஏணியில் ஏறிவிட வேண்டாம் தம்பி. கரையில் கிடக்கும் சிலிங்குகளை, அதாவது காயிலைக் கட்டித் தூக்கும் வயர் ரோப்புகளைப் பாருங்கள். நான் ஆள் எண்ணுவதற்கு முன்னால் சிலிங்கைத்தான் எண்ணுவேன்.

வயர் ரோப்பை வெறுங்கையால் தடவாதீர்கள், பழைய பருத்தித் துணியால் வழியுங்கள். கம்பி அறுந்த இடத்தில் துணி நூல் மாட்டும். அந்த இடத்தில் ரோப்பின் விட்டத்தைப் போல எட்டு மடங்கு நீளத்தை அளந்து, அதற்குள் அறுந்த கம்பிகளை எண்ணுங்கள். 24 மி.மீ. ரோப் என்றால் ஒரு சாண் அளவுகூட வராது, 19 செ.மீ.தான். மொத்தக் கம்பிகளில் பத்து சதவீதத்துக்கு மேல் போயிருந்தால் அந்த சிலிங் வேண்டாம். 6×37 ரோப் என்றால் ஆறு புரி, புரிக்கு 37 கம்பி, மொத்தம் 222, ஆக 22 வரைதான் கணக்கு. ஒதுக்கியதை அங்கேயே வெட்டிப் போடச் சொல்லுங்கள். முழுசாக விட்டால் நைட் ஷிஃப்டில் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.

சிலிங்கின் இரண்டு கால்களும் எவ்வளவு விரிகின்றன என்பதும் முக்கியம். 20 டன் காயிலைத் தூக்கும்போது கால்களுக்கு இடையே 60 டிகிரி என்றால் ஒவ்வொரு காலிலும் சுமார் 11.5 டன் விழும். 120 டிகிரி ஆனால் ஒவ்வொன்றிலும் முழு 20 டன். மேஸ்திரி "தாங்கும் சார்" என்பார். நீளமான சிலிங்கை மாட்டச் சொல்லுங்கள்.

ஹேட்ச், அதாவது சரக்கறையின் மேல்மூடி, திறந்ததும் ஆள் இறங்கக் கூடாது. இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலுள்ள ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்ளும். ஹோல்டை, அதாவது சரக்கறையை விட, ஏணி இறங்கும் அந்த மூடிய குழாய்ப் பாதைதான் எனக்குப் பயம். ஆக்ஸிஜன் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள், 20.9 சதவீதம் காட்டட்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், மூச்சுக் கருவி இல்லாமல் இன்னொருவரை இறக்கவே கூடாது. அப்படிக் காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து செத்த கதைகள் எல்லாத் துறைமுகத்திலும் உண்டு.

காயில்களைக் கப்பலில் அடுக்கும்போது கடைசியாக நடுவில் ஒன்றைச் செருகி வரிசையை இறுக்கியிருப்பார்கள். அந்த லாக் காயில்தான் முதலில் வரும். அதை எடுப்பதற்கு முன்பே பக்கத்துக் காயில்களுக்கு மர ஆப்பு அடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் உருளும். கட்டியிருக்கும் இரும்புப் பட்டையை வெட்டுகிறவர் அதற்கு நேராக நிற்கக் கூடாது. வெட்டியதும் சாட்டை மாதிரி வீசும். அப்புறம், ஒரே பக்கமாக எடுத்துக்கொண்டே போகாதீர்கள், கப்பல் சாயும்.

நீங்கள் நிற்க வேண்டிய இடம் ஹேட்ச் விளிம்பு. அங்கிருந்து ஹோல்டும் தெரியும், கரையும் தெரியும். ஆபீஸ் (தூக்கு), ஆரியா (இறக்கு) சொல்வது ஒரே சிக்னல்மேனாக இருக்கட்டும். நிறுத்தச் சொல்லி மட்டும் யார் கை காட்டினாலும், தூக்கும் இயந்திரத்தை ஓட்டுகிற விஞ்ச்மேன் நிறுத்த வேண்டும்.

வேகம் கத்துவதால் வராது. "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்துகிற சூப்பர்வைசரின் கொக்கிதான் டிரெய்லருக்காகக் காத்துக்கொண்டு அதிக நேரம் சும்மா தொங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு காயில் வருகிறது, லோடு ஏற்றிய வண்டி யார்டு போய்த் திரும்ப 25 நிமிடம் ஆகிறது, வண்டிக்கு ஒரு காயில் என்றால் ஆறு வண்டி வேண்டும். ஐந்து ஓடும்போது ஒன்று கொக்கிக்குக் கீழே நிற்கும். சாப்பாட்டு நேரத்தில் டிரைவர்கள் மொத்தமாகப் போய்விடுவார்கள், முறை வைத்து அனுப்புங்கள். காயில் இறங்கும்போது டிரைவர் கேபினில் இருக்கக் கூடாது. வெளியே வெயில் தாக்குகிறது, உள்ளே ஏசி இருக்கிறது என்று உட்கார்ந்தே இருப்பார்கள், இறக்கிவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் கடல் பக்கம் கறுத்தால் முதல் தூறலுக்குக் காத்திராமல் ஹேட்சை மூடச் சொல்லுங்கள். நனைந்த காயிலுக்கு இறக்குமதியாளர் க்ளெய்ம் போடுவார்.

நசுங்கிய விளிம்பு, அறுந்த பட்டை எதைப் பார்த்தாலும் ஹோல்டுக்குள் இருக்கும்போதே காயில் நம்பர் தெரியப் படம் எடுத்து, கப்பலின் சீஃப் ஆபீசரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கரைக்கு வந்த பிறகு காட்டினால், நீங்கள்தான் இடித்தீர்கள் என்பார். ஷிஃப்ட் முடியும்போது உங்கள் டாலியும் (காயில் எண்ணிக்கைக் கணக்கு) கப்பல் டாலியும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த ஃபோர்மேனிடம் வாக்கி டாக்கியைக் கொடுக்க வேண்டும்.