படைப்பெழுத்தில் முதுகலை: சேரும் முன்னும் சேர்ந்த பின்னும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுதுவதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்ற பழைய சண்டைக்குள் நான் போகவில்லை. ஐயோவா பல்கலைக்கழகம் தன் எழுத்துப் பட்டறையை 1936இல் தொடங்கியது. இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகம் 1970இல் படைப்பெழுத்துக்கு எம்.ஏ. வகுப்பைத் திறந்தது. சண்டை ஒரு பக்கம் நடக்க, ஆட்கள் சேர்ந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில், எந்தப் பட்டம் எதற்கு என்று பார்க்காமல் சேருவது. பிரிட்டனில் முழுநேர எம்.ஏ. பெரும்பாலும் ஓராண்டு. அமெரிக்காவில் எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுகலைப் பட்டம்) இரண்டு அல்லது மூன்றாண்டு. பிஎச்.டி. ஒரு படைப்பைக் கேட்கும், கூடவே ஆய்வுப் பகுதி ஒன்றையும் கேட்கும். ஓராண்டில் நாவலை முடித்துவிட்டு வெளியே வரலாம் என்று கணக்குப் போட்டுச் சேருகிறவர்கள் நிறைய. எம்.ஏ.யின் முடிவில் சமர்ப்பிக்கும் ஏடு பல இடங்களில் 15,000 சொற்களை ஒட்டியே இருக்கும். அதில் நாவலின் தொடக்கம்தான் அடங்கும்.

அப்புறம், பழைய மாணவர்களின் பெயரைப் பார்த்துப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பது. நாவலாசிரியர் கசுவோ இஷிகுரோ ஈஸ்ட் ஆங்லியாவில் எம்.ஏ. முடித்தது 1980இல். நோபல் பரிசு வந்தது 2017இல். அவருக்குப் பாடம் நடத்திய மால்கம் பிராட்பரியும் ஏஞ்சலா கார்ட்டரும் இன்று உயிரோடு இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது வேறு கேள்வி: இப்போது நடத்துவது யார், நீங்கள் சேரும் ஆண்டில் அவர் ஆய்வு விடுப்பில் போகிறாரா? இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டாம், ஒரு மின்னஞ்சலில் தீர்ந்துவிடும்.

மாதிரிப் படைப்பு விஷயத்துக்கு வருவோம். சேர்க்கையை முடிவு செய்வது பெரும்பாலும் இதுதான், மதிப்பெண் அல்ல. உரைநடைக்கு இருபது முப்பது பக்கமும் கவிதைக்குப் பத்துச் சொச்சமும் கேட்பார்கள். பலரும் நாவலின் பன்னிரண்டாம் அத்தியாயத்தை எடுத்து, தலைமாட்டில் ஒரு பக்கம் முன்கதைச் சுருக்கம் ஒட்டி அனுப்புகிறார்கள். தேர்வுக் குழுவில் இருப்பவர் அன்று படிக்கும் எத்தனையாவது கட்டோ அது. சுருக்கம் இல்லாமல் தானாக நிற்கிற ஒன்றை அனுப்புங்கள். விண்ணப்பத்தோடு கேட்கும் நோக்க அறிக்கையில் சிறு வயதிலிருந்தே புத்தகம் என்றால் உயிர் என்று எழுதாதீர்கள், எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். இப்போது என்ன எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், எந்த இடத்தில் முட்டி நிற்கிறீர்கள் என்பது அதைவிடச் சுவையான செய்தி.

பணம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் சில எம்.எஃப்.ஏ. படிப்புகள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, வகுப்பெடுப்பதற்கு உதவித்தொகையும் கொடுக்கின்றன. அவற்றுக்கு விண்ணப்பித்துப் பார்க்காமலே கடன் வாங்குவது அவசரம். இன்னொன்று: உதவித்தொகையோடு இடம் கொடுத்தால் ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தருவதாக அங்கே பல பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. பிப்ரவரியில் முதல் கடிதம் வந்ததும் பதறிப்போய் சரி சொல்லிவிடாதீர்கள்.

உள்ளே போன பிறகு பெரிய சறுக்குமரம் பட்டறைதான், அதாவது ஒருவர் எழுதியதை வகுப்பே சேர்ந்து அலசும் நேரம். உங்கள் கதையை எல்லாரும் பேசும்போது நீங்கள் வாய் திறக்கக் கூடாது என்பது பழைய முறை. அந்த மௌனத்தில் சிலர் மனதுக்குள் பதில் வழக்கு நடத்துகிறார்கள், ஒரு சொல்லும் காதில் ஏறுவதில்லை. சிலர் நேர்மாறு: பன்னிரண்டு பேர் சொன்ன பன்னிரண்டையும் குறித்துக்கொண்டு போய்க் கதையில் ஏற்றிவிடுவார்கள். அந்தக் கதையில் யாருக்கும் குறை இருக்காது, யாருக்கும் நினைவும் இருக்காது.

ஒரு கதையின் மூன்றாம் பக்கத்தில் பாட்டி இறக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பாட்டியையே எடுத்துவிடு என்பார், ஒருவர் சாவை முதல் வரியில் வை என்பார், மற்றவர் அந்தக் காட்சியை நீட்டச் சொல்வார், இன்னொருவர் அவளுக்கு ஒரு வசனம் கேட்பார். நான்கு யோசனையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. ஆனால் நால்வரும் தடுக்கி விழுந்த இடம் ஒன்று. குறை மூன்றாம் பக்கத்தில் இல்லாமலும் இருக்கலாம். முதல் இரண்டு பக்கங்களில் அந்தப் பாட்டி எதையுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தால், அவள் செத்தாலென்ன என்று தானே தோன்றும்? விழுந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மருந்தை நீங்களே தேடுங்கள்.

மௌன முறை எல்லாருக்கும் ஒத்துவராது. நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் வகுத்த முறையில் படைத்தவர்தான் முதலில் கேள்வி கேட்பார். மற்றவர்கள் கேட்கும் கேள்வியில் தீர்ப்பு ஒளிந்திருக்கக் கூடாது. "ஏன் இவ்வளவு நீளம்?" என்பது கேள்வி வேடம் போட்ட கருத்து. "இந்தக் காட்சியில் வாசகர் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று நினைத்தீர்கள்?" என்றால் பேச்சு வேறு திசையில் போகும்.

முடிந்துவிட்ட, பாராட்டுக்கு மட்டும் காத்திருக்கும் கதையைப் பட்டறைக்குக் கொண்டுபோவதும் வீண். நானும் செய்திருக்கிறேன். கிடைத்தது பாராட்டு, கதை அப்படியே கிடந்தது. இந்தப் படிப்பு கொடுப்பது நேரமும் கவனமாகப் படிக்கும் சில ஆட்களும்தான். அந்த இரண்டையும் உடைந்து கிடக்கும் கதைக்குச் செலவழிப்பதுதான் லாபம். அதேபோல, மற்றவர் கதையை வகுப்புக்கு முந்தைய இரவு மேய்ந்துவிட்டுப் போகாதீர்கள். அடுத்தவர் எழுத்தில் ஒரு பத்தி ஏன் தொய்கிறது என்று தேடிப் பழகிய கண்தான் பிறகு உங்கள் பக்கத்திலும் வேலை செய்யும்.

பிஎச்.டி. கேட்கும் ஆய்வுப் பகுதியை எல்லாரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். கடைசியில் எழுதினால் அது தன் நாவலுக்குத் தானே எழுதிக்கொள்ளும் கோனார் நோட்ஸாகிவிடும். எழுதும்போதே தொல்லை தந்த ஒரு கேள்வியிலிருந்து தொடங்குங்கள். 'நீ' என்று முன்னிலையில் சொல்லும் கதையில் பத்து வருடத்தை எப்படித் தாண்டுவது என்பதுகூடப் போதும். வரைவுகளைத் தேதியோடு தனித்தனியாகச் சேமித்து வைத்தால் அந்தப் பகுதிக்கு அவையே சான்று.

ஏட்டைச் சமர்ப்பித்ததும் பல பல்கலைக்கழகங்கள் அதை இணையக் களஞ்சியத்தில் யாரும் இறக்கிக்கொள்ளும்படி ஏற்றிவிடும். ஆய்வுக்கு அது நல்லது. இன்னும் அச்சாகாத நாவல் என்றால் பதிப்பாளர் முகம் சுளிக்க வாய்ப்புண்டு. சில ஆண்டுகளுக்கு வெளியிடாமல் நிறுத்திவைக்கப் பல இடங்களில் ஒரு படிவம் இருக்கிறது. சமர்ப்பிக்கும் வாரத்தில் அதைத் தேடி ஓடாமல், நெறியாளரிடம் முதல் ஆண்டிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.