ஜவ்வாது மலைக்குப் போகிறீர்களா? சில்லறையை எடுத்துக்கொள்ளுங்கள்

வேலூரிலிருந்தோ போளூர் வழியாகவோ ஜவ்வாது மலை ஏறுவதற்கு முன், கீழேயே ஒரு 500 ரூபாய் நோட்டைப் பத்தும் இருபதும் ஐம்பதுமாக மாற்றிக்கொள்ளுங்கள். கூடவே ஒரு துணிப்பையும், தேன் வாங்க நன்றாகக் காய்ந்த பாட்டிலும்.

வளைவுகளில் பல இடங்களில் செல்போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். சாலையோரம் சீத்தாப்பழம், தேன், புளி விற்கும் மலையாளிப் பழங்குடிப் (கேரள மலையாளிகள் அல்ல, இந்த மலைவாழ் மக்கள்) பெண்களிடம் ஸ்கேன் செய்யவும் முடியாது, 500-க்குச் சில்லறை கேட்கவும் முடியாது. கையில் சில்லறை இருந்தால் அவர்களிடமே வாங்கலாம்; இடையில் வியாபாரி இல்லாததால் காசு முழுதும் அவர்களுக்கே. அவர்களும் தமிழ்தான் பேசுகிறார்கள், அதனால் பேச்சுக் கொடுப்பதும் சுலபம். சாமை வாங்கும்போது உமி நீக்கியதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். உமியோடு வாங்கி வந்தால் நகரத்து வீட்டில் குத்தித் தர ஆள் கிடையாது. அப்புறம், பத்து ரூபாய்க்குப் பேரம் வேண்டாமே!

மலைமேல் உள்ள ஊரான ஜமுனாமரத்தூரின் கடைத்தெருவில் மட்டும் சுற்றுவதானால் இதெல்லாம் தேவைப்படாது. சீத்தாப்பழமும் பலாவும் பருவத்தில்தான் கிடைக்கும்; மற்ற மாதங்களில் பை காலியாகவே திரும்பலாம்.