கீழ் வீட்டுக்கு இறங்கும் டிரம் அதிர்வை நிறுத்துவது எப்படி?

வட சென்னை கொருக்குப்பேட்டையில் மாடி வீடு, பத்துக்குப் பத்து அறை, அதில் ஒரு டிரம் செட், ஒரு பேஸ் கிட்டார். கீழ் வீட்டு அக்கா ஒரு நாள் படியேறி வந்து, "தம்பி, நீ வாசிக்கிறப்போ எங்க ஷெல்ஃப்ல டம்ளரெல்லாம் ஆடுதுப்பா, பாப்பா தூக்கத்துல எழுந்துக்குது" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அவர் தயங்கித் தயங்கிச் சொன்னதுதான் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

முதலில் நானும் சுவர் முழுக்க ஃபோம் ஒட்டினேன். காசு போனதுதான் மிச்சம். ஃபோம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், வெளியே போகும் பேஸ் என்ற தாழ்ந்த ஒலியை நிறுத்தாது. நாலு கம்பி பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ், அதன் அலைநீளம் எட்டு மீட்டருக்கு மேல். இரண்டு இன்ச் ஃபோம் அதை என்ன செய்துவிடும்? முட்டை ட்ரேவைத் தொடவே தொடாதீர்கள், பயனும் இல்லை, தீப்பிடித்தால் மளமளவென்று எரியும்.

வழியைக் கண்டுபிடியுங்கள்

ஒருவரை மேலே பேஸ் கிட்டார் வாசிக்கச் சொல்லிவிட்டுக் கீழே போய், டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஷெல்ஃபில் வைத்துப் பாருங்கள். பிறகு பேஸ் ஆம்ப்பை, அதாவது அதன் ஸ்பீக்கர் பெட்டியை, தடிமனான மெத்தைமேல் தூக்கி வைத்து, அதே சத்தத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். தண்ணீரில் நெளிவு அடங்கினால் அதிர்வு தரை வழியாகத்தான் இறங்குகிறது, சுவரில் செலவு செய்ய வேண்டாம். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. போனில் டெசிபல் ஆப் பார்ப்பவர்களுக்கு ஒன்று: பல ஆப்கள் 'ஏ' அளவீட்டில் காட்டும், அது 50 ஹெர்ட்ஸில் சுமார் 30 டெசிபலைக் கழித்துவிடும். தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் கழிக்காத 'சி' அளவீட்டுக்கு மாற்றுங்கள்.

டென்னிஸ் பால் மேடை

தரைக்கும் டிரம் செட்டுக்கும் நடுவே டென்னிஸ் பந்துகள்மேல் நிற்கும் பலகை மேடை இது, பந்துகள் அதிர்வை வாங்கிக்கொள்ளும். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 6-க்கு 6 அடியில் மூன்று அடுக்கு. மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை மலிவுதான், ஆனால் நம் பக்கத்துக் கடல் காற்றுக்கு உப்பிவிடும், நான் வாங்க மாட்டேன். ஷீட் 8-க்கு 4-இல்தான் வரும் என்பதால் ஒட்டுப் போட வேண்டியிருக்கும், மேல் இரண்டு அடுக்கின் ஒட்டுகளும் நேருக்கு நேர் வராமல் குறுக்கே திருப்பிப் போடுங்கள். கீழ் அடுக்கிலும் நடு அடுக்கிலும் ஒன்றுக்கொன்று நேராக 50 மில்லிமீட்டர் ஓட்டைகள். இதற்கு ட்ரில்லில் மாட்டும் வட்ட வாளான ஹோல் சா மட்டும்தான் சரி, ஜிக்சா என்ற மெல்லிய வாள் மெஷினில் வட்டம் கோணிப்போகும். நடு அடுக்கை மேல் பலகையோடு ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிடுங்கள், பந்து இரண்டு பக்க ஓட்டையிலும் உட்கார்ந்துகொள்ளும், நடுவே நாலரை சென்டிமீட்டர் இடைவெளி நிற்கும். எனக்கு முப்பது பந்து பிடித்தது, ஸ்டூலும் காலால் அடிக்கும் கிக் டிரம்மும் வரும் இடத்தில் நெருக்கமாக வைத்தேன். குறைந்தால் பந்து நசுங்கும், ரொம்பக் கூடினால் மேடை விறைத்துப்போய் அதிர்வை அப்படியே இறக்கும்.

இப்போது நான் மாட்டிக்கொண்ட இடம். மேடையைப் போட்டு உட்கார்ந்து வாசித்தால் கீழே டம்ளர் அதே ஆட்டம். மூன்று நாள் பந்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் டார்ச் அடித்துத் தரையோடு படுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: மேடையின் ஒரு மூலை சுவரின் ஸ்கர்ட்டிங் டைல்ஸில் இடித்துக்கொண்டிருந்தது, அங்கே பிளைவுட் தூள்கூட உதிர்ந்து கிடந்தது, அந்தப் பக்கம் சிம்பல் ஸ்டாண்டின் ஒரு கால் மேடையை விட்டு இறங்கித் தரையில் நின்றது. அவ்வளவு சின்னத் தொடுகை போதும், அதிர்வுக்குப் பாலம் போட்ட மாதிரி. சுற்றிலும் இரண்டு விரற்கடை விட்டு, எல்லாக் காலையும் மேடைக்குள் கொண்டுவந்த அன்று சாயங்காலம், அக்கா கீழிருந்தே "வாசிக்கிறியா தம்பி?" என்று கேட்டார். பேஸ் ஆம்ப்பும் இப்போது மேடைமேல்தான்.

அப்புறம் கதவு. சட்டத்தைச் சுற்றி ரப்பர் பீடிங், அடியில் இடுக்கை அடைக்க ஒரு பட்டை. நம் வெயிலுக்கு அடைத்த அறையில் ரொம்ப நேரம் தாங்காது, அரை மணிக்கு ஒரு தரம் திறந்துவிடுங்கள்.

பக்கத்துத் தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி போகும்போது ரெக்கார்டிங்கில் விழும் உறுமலுக்கு இந்த மேடை மருந்தில்லை, அது மண் வழியாகக் கட்டடத்துக்குள்ளேயே ஏறுகிறது. மைக் ஸ்டாண்டுக்கு அதிர்வைத் தாங்கும் ஷாக் மவுண்ட் போட்டு, பாடும் குரலுக்கு 80 ஹெர்ட்ஸில், அதற்குக் கீழான ஒலியை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டர் வைக்கிறேன்.

பிறகு சேர்த்தது: ராயபுரத்தில் பழைய வீட்டில் இருக்கும் ஒரு தம்பி, செய்து பார்க்கலாமா என்று எழுதியிருந்தார். மர உத்தரத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்டுக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் தளம் என்றால், டிரம்மும் ஆளும் மேடையும் சேர்ந்து இருநூறு கிலோ வரும், இன்ஜினியரிடம் காட்டாமல் ஏற்றாதீர்கள். இன்னொருவர் தெரு கிரிக்கெட்டுக்கு வாங்கும் ஹார்டு டென்னிஸ் பால் போட்டுப் பலனில்லை என்றார். அது விறைப்பான பந்து, கடையில் லைட் பால் என்று கேட்டு வாங்குங்கள். என்னுடையதில் எட்டு மாதத்தில் ஸ்டூலுக்குக் கீழே ஆறு பந்து தளர்ந்துவிட்டது, மேடையைத் தூக்கி அந்த ஆறை மட்டும் மாற்றினேன்.