தூக்க மாத்திரையையும் பதற்ற மாத்திரையையும் பாதுகாப்பாகக் குறைப்பது எப்படி?

அல்பிரசோலம், குளோனசெபம், லோராசெபம், டயசெபம் போன்ற பென்சோடயசெபைன் மாத்திரையைத் தினமும் ஒரு மாதத்துக்கு மேல் சாப்பிட்டு வருகிறீர்களா? அப்படியென்றால் அதைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். மூளையின் பரபரப்பைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை இந்த மாத்திரைகள் கூட்டுகின்றன. மூளையும் மெல்ல மெல்ல அதற்கேற்ப மாறிக்கொள்கிறது. ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மையில் தொடங்கி வலிப்பு வரை போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டாதவர்களுக்கும் இது நேரும். இதில் வெட்கப்பட எதுவுமே இல்லை. தூக்கத்துக்குத் தரப்படும் சோல்பிடெமையும் இப்படித்தான் படிப்படியாக நிறுத்த வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கும் முன் இரண்டு வாரம் குறிப்பு எழுதுங்கள். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு, எத்தனை மணி நேரத்தில் பதற்றம் திரும்புகிறது என்று எழுதினால் போதும். மதுவையும் மற்ற மருந்துகளையும் மறைக்காதீர்கள். மது, ஓபியாய்டு வலிமருந்து (மார்ஃபின், டிரமடால் போன்றவை) இரண்டில் எது இதோடு சேர்ந்தாலும் மூச்சு மந்தமாகி நின்றுபோகலாம். முன்பு வலிப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள், தினமும் குடிப்பவர்கள், மிக அதிக அளவில் மாத்திரை எடுப்பவர்கள் வீட்டிலிருந்தபடி தாங்களாகவே குறைக்கக் கூடாது.

அல்பிரசோலம் உடலிலிருந்து வேகமாக வெளியேறுவதால், அடுத்த வேளைக்கு முன்பே படபடப்பு தலைகாட்டும். அதனால் சிலரை மருத்துவர் டயசெபத்துக்கு மாற்றுவார். 0.5 மி.கி. அல்பிரசோலத்துக்கு ஏறக்குறைய 10 மி.கி. டயசெபம் என்று ஒரு கணக்கு உண்டு; அட்டவணைக்கு அட்டவணை இது மாறும். நீங்களே மாற்றிக்கொள்ள வேண்டாம்.

பொதுவாக 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைப்பார்கள். இரண்டு வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முதலில் எடுத்த அளவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இன்று எடுக்கும் அளவில்தான் சதவீதம் பார்க்க வேண்டும். பலர் இடறுவது இங்கேதான். 10 மி.கி. டயசெபத்தை 2 மி.கி. மாத்திரை ஐந்தாக எடுப்பவர் அரை மாத்திரையை விட்டால் 9 மி.கி.; அது 10 சதவீதக் குறைப்பு. அதே அரை மாத்திரையை 2 மி.கி.யில் விட்டால் பாதி அளவே போய்விடுகிறது! கடைசிக் கட்டம் அவ்வளவு கடினமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். அந்தக் கட்டத்துக்குத் திரவ மருந்து கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையை வெட்டும் கருவியால் வெட்டுங்கள். கத்தியால் வெட்டினால் துண்டுகள் சமமாக வராது. மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை வெட்டவே கூடாது.

ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுவது குறைப்பதாகாது. மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறி இறங்கி, தினமும் புதிதாக நிறுத்துவது போன்ற அவதிதான் மிஞ்சும். மோசமான நாளில் கூடுதலாக ஒன்று போட்டுக்கொண்டாலும் இதே கதிதான்.

அளவைக் குறைத்த பிறகு தூக்கம் கெடலாம், காது இரையலாம், வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமல் போகலாம். பழைய நோயே திரும்பிவிட்டது என்று பயந்து பலரும் பழைய அளவுக்கே போய்விடுகிறார்கள். குறைத்த சில நாட்களில் தொடங்கி, வாரங்களில் தணிந்தால் பெரும்பாலும் அது மருந்து குறைந்ததன் விளைவே. அடுத்த குறைப்பைத் தள்ளிப்போட்டு அதே அளவில் நில்லுங்கள். தாங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். முழுவதும் விட ஒரு வருடத்துக்கு மேல் ஆனாலும் தவறில்லை.

தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சையை (தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை), அளவைக் குறைக்கத் தொடங்கும் முன்பே ஆரம்பித்தால் பெரிதும் கைகொடுக்கும். தினமும் ஒரே நேரத்தில் எழுங்கள். 20 நிமிடம் போல தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து, கண் சொக்கும்போது மட்டும் திரும்பிப் படுங்கள்.

வலிப்பு, குழப்பம், இல்லாதது தெரிவது அல்லது கேட்பது, தற்கொலை எண்ணம் — இவற்றில் எது வந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். மாத்திரை அட்டையையும் குறிப்பையும் கையோடு கொண்டுபோங்கள்.