கேஷை அணைத்தாலும் தரவு அழியாமல் இருக்க: என்ஜிஸ்பைஸில் ஒரு செல் செய்து பார்ப்போம்

கேஷ் என்பது செயலிக்குள் இருக்கும் சின்ன, வேகமான நினைவகம். 32 கிலோபைட் கேஷில் தரவுக்கு மட்டும் 2,62,144 செல்கள், ஒரு பிட்டுக்கு ஒரு செல். செல்லுக்கு 6 டிரான்சிஸ்டர் என்றால் 15,72,864. யாரும் படிக்காதபோதும் இவற்றில் மின்னோட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அடியோடு அணைத்தால் கசிவு குறையும், தரவும் போய்விடும். போனதை மறுபடி கொண்டுவர மின்சாரமும் நேரமும் செலவு. 2002இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் கௌசிக் ராய் குழு இதற்கு அழகான ஒரு வழி காட்டியது: கிரவுண்ட் பக்கத்தை மட்டும் அணைப்பது.

இதை என்ஜிஸ்பைஸில், அதாவது மின்சுற்றைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் மென்பொருளில், செய்து பார்ப்போம்.

படி 1: இரண்டு இன்வெர்ட்டர்களை (0வை 1 ஆகவும் 1ஐ 0 ஆகவும் மாற்றும் சுற்றுகள்) ஒன்றின் வெளியீடு மற்றதன் உள்ளீடாக இணையுங்கள். பிட்லைன்களுக்கு (செல்லின் தரவு வந்துபோகும் இரண்டு கம்பிகள்) இரண்டு என்மாஸ் (ஸ்விட்ச் போலத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்). சப்ளை 1 வோல்ட். 45 நானோமீட்டர் டிரான்சிஸ்டர்களுக்கான மாதிரிக் கோப்பு ஒன்று போதும்.

படி 2: இன்வெர்ட்டர்களின் கீழ்முனைகளை நேராகக் கிரவுண்டில் இணைக்காதீர்கள். இரண்டையும் ஒரு புது முனையில் சேர்த்து, அங்கிருந்து கிரவுண்டுக்கு இன்னொரு என்மாஸ் போடுங்கள். அந்த முனைக்குப் பெயர் விர்ச்சுவல் கிரவுண்ட். புது என்மாஸின் கேட்டை (அதைத் திறந்து மூடும் முனை) வேர்டுலைனோடு (பிட்லைன் என்மாஸ்களைத் திறக்கும் கம்பி) இணைத்தால், படிக்கும்போது தானாகத் திறக்கும், மற்ற நேரம் மூடியிருக்கும்.

படி 3: செல்லின் ஒரு முனைக்கு 1 வோல்ட், மற்றதற்கு 0 என்று தொடக்க மதிப்பு கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் இரண்டும் நடுவில் தொங்கி நின்றுவிடும். பிட்லைன்கள் 1 வோல்ட்டில், வேர்டுலைன் 0வில் இருக்கட்டும். 10 மைக்ரோவினாடி ஓட்டுங்கள். கசிவு மெதுவான வேலை, சில நானோவினாடியோடு நிறுத்தினால் முழுக்கதை தெரியாமல் போகலாம்.

இப்போது விர்ச்சுவல் கிரவுண்ட் கோட்டைக் கவனித்துப் பாருங்கள். 0விலிருந்து மெல்ல ஏறி ஓரிடத்தில் நின்றுவிடும். அது ஏற ஏற செல்லுக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் குறைகிறது, செல்லின் கசிவும் குறைகிறது. கீழே மூடியிருக்கும் என்மாஸின் கசிவோ கூடுகிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் ஏற்றம் நிற்கும். நாம் எதிரியாக நினைத்த கசிவுதான் தரவைப் பிடித்து வைக்கிறது! இதை முதன்முதலில் திரையில் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

படி 4: கீழ் என்மாஸின் அகலத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். மிகவும் குறுக்கினால் விர்ச்சுவல் கிரவுண்ட் அதிகம் ஏறி, செல்லின் இரண்டு முனைகளும் நெருங்கிவிடும். தரவு ஆட்டம் காணும். படிப்பதும் தாமதமாகும், ஏனென்றால் பிட்லைன் மின்னோட்டம் அதன் வழியாகத்தான் இறங்க வேண்டும். ரொம்ப அகலமாக்கினால் மின்சார மிச்சம் குறையும். நிஜ கேஷில் ஒரு வரிசையே அதைப் பகிர்ந்துகொள்ளலாம்.

படி 5: வெப்பநிலையை 27, அப்புறம் 110 டிகிரி செல்சியஸ் என்று வைத்து மீண்டும் ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் கடைசியில் வேர்டுலைனை 1 வோல்ட்டுக்கு உயர்த்தி, நீங்கள் வைத்த 0 இருக்கும் பக்கத்து பிட்லைன் வழியாக மின்னோட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். எதிர்ப் பக்கம் இறங்கினால் தரவு புரண்டுவிட்டது. அகலத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு மறுபடி படி 3க்குப் போங்கள்.