பாலைவனச் சொகுசு விடுதியில் பொழுதை வகுத்துக்கொள்வது எப்படி?

பாலைவனத்துச் சொகுசு விடுதிக்குச் செல்பவர்களில் பலர், கட்டணத்தில் அடங்கியவை அனைத்தையும் அனுபவித்துவிட வேண்டும் என்ற ஆவலில் காலை முதல் இரவு வரை நிகழ்ச்சிகளை அடுக்கிக்கொண்டு, மறுநாளே களைத்துப் படுத்துவிடுகிறார்கள். அங்கே பொழுதை வகுப்பது வெயில்தான். விடியலும் அந்தியும் சாகசத்துக்கு, நடுப்பகல் முழுவதும் ஓய்வுக்கு என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டால் மற்றவை தாமாகவே ஒழுங்குக்கு வரும்.

தேதியைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டைப் பாருங்கள். ஒன்று பருவம்: அரேபியா, தார், சகாரா ஆகிய பாலைவனங்களுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலும், தென் அரைக்கோளத்தில் உள்ள நமீபுக்கு மே முதல் செப்டம்பர் வரையிலும் ஏற்ற காலம். மற்றொன்று நிலவு: விண்மீன் பார்க்க விரும்புபவர்கள் அமாவாசையை ஒட்டியும், இரவில் மணற்குன்றுகளில் நடக்க விரும்புபவர்கள் பௌர்ணமியை ஒட்டியும் அறையைப் பதிவு செய்ய வேண்டும். விடுதியின் தரத்தை ஆராய்வதில் காட்டும் அக்கறையில் பாதியை நாட்காட்டியின் மீது காட்டினாலே போதும்.

சூரியன் எழுவதற்கு அரை மணி நேரம் முன்பே வழிகாட்டியுடன் நடக்கக் கிளம்புங்கள். வண்டுகள், பல்லிகள், நரிகள் ஆகியவை இரவில் உலவிய தடங்கள் அப்போது மணலில் அழியாமல் இருக்கும். பகற்காற்று எழுந்த பின் ஒன்றும் மிஞ்சாது. காலணியை அணியும் முன் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் தேள்கள் இருண்ட இடுக்குகளை நாடும். விடுதி ஏதேனும் காப்பகத்துக்குள் அமைந்திருந்தால் விலங்குகளையும் காணலாம். துபாய் பாலைவனக் காப்பகத்தில் திரியும் அரேபிய ஓரிக்ஸ் என்னும் நீண்ட கொம்புள்ள மான் போன்ற விலங்கு, 1972இல் இயற்கை வாழிடத்தில் அற்றுப்போய், வளர்ப்பிடங்களில் பெருக்கப்பட்டு மீண்டும் மணலுக்குத் திரும்பிய இனம் என்பதை அறிந்து பார்த்தால் அந்தக் காட்சியின் மதிப்பே வேறு.

மணற்குன்றில் ஏறுவதற்கும் ஒரு முறை உண்டு. காற்று வந்து மோதும் பக்கம் சரிவு குறைந்து மணல் இறுகியிருக்கும். மறுபக்கம் ஏறத்தாழ 30 முதல் 34 டிகிரி சரிவில் மணல் பொலபொலவென்று உதிரும். இறுகிய பக்கமாகவோ முகட்டின் விளிம்பை ஒட்டியோ ஏறி, உதிரும் பக்கமாகப் பலகையில் சறுக்கி இறங்குவதே சரி. நேர்மாறாக முயன்றால், வைக்கும் ஒவ்வோர் அடியிலும் பாதியளவு கீழே வழுக்கி, உச்சியை அடையும் முன்பே மூச்சு வாங்கும்.

ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களை முதலில் நிமிர்த்துகிறது. அமரும்போது முன்னங்கால்களை முதலில் மடக்குகிறது. ஆகவே இரண்டு நேரங்களிலும் நம் உடல் முன்னோக்கிச் சாயும். பிடியை இறுகப் பற்றிக்கொண்டு பின்பக்கம் சாய்ந்து அமர்ந்தால் அச்சமில்லை. ஜீப்பில் மணற்குன்றுகளின் மேல் போவதற்கு வயிறு நிறைய உண்ட உடனே கிளம்பாதீர்கள். கர்ப்பிணிகளும் முதுகுவலி, கழுத்துவலி உள்ளவர்களும் அதைத் தவிர்ப்பதே நல்லது. ஓட்டுநர் புறப்படும் முன் டயர்களில் காற்றைக் குறைப்பதைக் கண்டு கலங்க வேண்டாம். டயர் அகலமாகப் படிந்தால்தான் வண்டி மணலில் புதையாது.

கோடை நண்பகலில் மணலின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியசைத் தாண்டக்கூடும் என்பதால், காலை பத்து மணிக்கு மேல் நிழலுக்குத் திரும்பிவிடுங்கள். வறண்ட காற்றில் வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால் உடல் நீரை இழப்பது நமக்குத் தெரிவதே இல்லை. தாகம் எடுக்கக் காத்திராமல் சிறிது சிறிதாக நீர் அருந்த வேண்டும். குளத்தில் நீந்திவிட்டு வெளியே வந்ததும், அத்தனை வெயிலிலும் உடல் சிலிர்க்கும். ஈரம் வேகமாக ஆவியாகித் தோலின் வெப்பத்தை எடுத்துச் செல்வதே அதற்குக் காரணம். அந்தக் குளிர்ச்சியை நம்பி வெயிலில் படுத்துவிடாமல், வெயில் காப்புக் களிம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசிக்கொள்ளுங்கள். எண்ணெய்க் குளியலோ மசாஜோ விரும்புபவர்கள் அதையும் இந்த நேரத்திலேயே வைத்துக்கொள்ளலாம். எதுவும் செய்யாமல் திண்ணையில் சாய்ந்திருப்பதற்கும் நேரம் ஒதுக்குங்கள். அதற்காகவும்தானே இவ்வளவு தொலைவு செல்கிறோம்.

மேகமும் ஈரப்பதமும் இல்லாத வானத்தின் வழியே பகல் வெப்பம் விரைவாக வெளியேறிவிடுவதால் இரவு எதிர்பாராத அளவுக்குக் குளிரும். கம்பளிச் சால்வை ஒன்று கட்டாயம் வேண்டும். நமீபியாவின் நமீப்ராண்ட் காப்பகம் 2012இல் சர்வதேச இருள்வானக் காப்பகமாக, அதாவது செயற்கை வெளிச்சம் படாமல் இரவு வானம் காக்கப்படும் இடமாக, அறிவிக்கப்பட்டது. அத்தகைய இடங்களில் பால்வெளி வெறும் கண்ணுக்கே தெளிவாகத் தெரியும். கண்கள் இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஆகும், ஒருமுறை கைப்பேசித் திரையைப் பார்த்தாலும் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். எனவே கைப்பேசியை அறையிலேயே வைத்துவிட்டு, வெளிச்சம் தேவைப்பட்டால் சிவப்பு விளக்கை மட்டும் பயன்படுத்துங்கள். உங்கள் அறை முற்றத்தின் விளக்குகளை அணைத்துவைக்கும்படி விடுதியாரிடம் மாலையிலேயே சொல்லிவிடுங்கள்.